பையில் ஒளித்த வயலின்: ஆட்டம் தொழிலான வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஐரோப்பிய நடன வரலாறு எழுதுகிற எவரும் தவறாமல் ஒரு தேதியைச் சொல்லிவிடுவார்கள். 1661 மார்ச். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் பாரிசில் அரச நடனக் கழகம் ஒன்றை நிறுவ ஆணையிட்ட மாதம் அது. ‘நடனம் இதிலிருந்துதான் தொழிலாக மாறியது’ என்று அடுத்த வரி போகும். பாலே பற்றிய அறிமுக நூல்களில் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் உறுத்தியது. அப்படியானால் 1660இல் ஆடியவன் என்ன செய்துகொண்டிருந்தான்? பொழுதுபோக்கிக்கொண்டிருந்தானா?

நான் தமிழ் படித்தவன். பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலத்தின் வழியாகத்தான் இவற்றையெல்லாம் வாசிக்கிறேன். ஆனாலும் கூத்தரும் பொருநரும் விறலியரும் பரிசில் தேடி வழி நடந்த பாட்டுகளைப் பாடமாகப் படித்த ஒருவனுக்கு, ஆட்டம் பிழைப்பாக இருப்பதற்கு அரசாணை தேவையில்லை என்பது தெரியாமல் போகாது. ஆகவே என் கேள்வி ‘எப்போது தொழிலானது’ என்பதல்ல. ஏற்கெனவே பிழைப்பாக இருந்த ஒன்றை எடுத்து ‘தொழில்’ என்று பெயரிட்டபோது யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்பதுதான்.

1

1661க்கு முந்நூற்று நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும். 1321இல் பாரிசில் இசைக்கிறவர்கள், வித்தை காட்டுகிறவர்கள், ஆடுகிறவர்கள் 37 பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்க விதியை எழுதிக் கையெழுத்திட்டு நகர அதிகாரியிடம் பதிவு செய்தார்கள். கில்டு என்கிறோமே, அந்த மாதிரித் தொழிற்சங்கம். பின்னால் இது புனித ஜூலியன் பெயரில் ஒரு தேவாலயமும், ஏழைகளுக்கான விடுதியும் கட்டிக்கொண்டு, புனித ஜூலியன் மெனெத்ரியேக்களின் சங்கம் என்று வழங்கலாயிற்று. மெனெத்ரியே என்றால் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கிறவன், ஆடவைக்கிறவன். அவர்கள் குடியிருந்த தெருவுக்கே அவர்கள் பெயர்தான்.

அந்த விதிகளைப் படிக்கும்போது ஒரு தெருவின் சத்தம் கேட்கிறது. கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டவன் நடுவில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. நோய் நொடி இருந்தாலொழிய தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பக்கூடாது. யாராவது ஆள் தேடித் தெருவுக்கு வந்தால், அவர் தனக்கு வேண்டியவரிடம் போகட்டும், வழிமறித்து இழுக்கக்கூடாது. வெளியூர்க்காரன் சங்க விதிக்குக் கட்டுப்பட்டால்தான் பாரிசில் வாசிக்கலாம். மீறினால் அபராதம், அதில் பாதி அரசனுக்கு, பாதி சங்கத்துக்கு.

இது தொழில் இல்லாமல் வேறு என்ன? கூலிப் பேச்சு, போட்டி, ஒழுங்கு, நோயாளிக்குச் சலுகை, வெளியாளைத் தடுக்கிற சுயநலம் எல்லாமே இருக்கிறது. இதை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. வெளியூர்க்காரனைத் தடுக்கிற கை, அதிகாரத்தின் கைதான். அபராதத்தில் பாதியை அரசனுக்குக் கொடுத்துத்தான் அந்தப் பாதுகாப்பை வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இந்த விதிகள் ஆணையும் பெண்ணையும் சேர்த்தே பெயர் சொல்லி எழுதப்பட்டவை. கையெழுத்திட்டவர்களில் பெண்களும் உண்டு. இரண்டு, வாசிக்கிறவன் வேறு, ஆடுகிறவன் வேறு, குட்டிக்கரணம் போடுகிறவன் வேறு என்ற பிரிவு அங்கே இல்லை. ஒரே உடல் எல்லாவற்றையும் செய்தது. இந்த இரண்டும்தான் பின்னால் காணாமல் போகின்றன.

2

இதே சமயம் இன்னொரு வகை ஆசாமி உருவாகி வந்தான். நடன ஆசான். இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டில் பிரபுக்களின் அரண்மனைகளில் இவன் தலைகாட்டுகிறான். டொமெனிகோ ட பியாச்சென்சா, அவர் மாணவர் குல்யெல்மோ எப்ரியோ ஆகியோர் நடனம் பற்றி நூல் எழுதினார்கள். எப்ரியோ என்றால் யூதர் என்று அர்த்தம். பெயரிலேயே சாதி ஒட்டியிருப்பது போல மதம் ஒட்டியிருக்கிறது. 1463இல் தன் நூலை எழுதி முடித்த இவர், கொஞ்ச காலத்துக்குள் கிறிஸ்தவராக மாறி ஜொவான்னி அம்ப்ரோஜியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். 1469இல் வெனிசில் பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் அவருக்கு வீரப்பட்டம் சூட்டினார்.

இந்த வாழ்க்கையில் ஒரு சிக்கல் முடிச்சாகக் கிடக்கிறது. பிரபு எப்படி நிற்க வேண்டும், எப்படிக் கை நீட்ட வேண்டும், எப்படி வணங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் பிரபு அல்ல. மேன்மை பிறப்பில் வருவது என்றால் அதைக் கற்றுக்கொடுக்க ஆள் எதற்கு? கற்றுக்கொடுக்க முடிகிறது என்றால் அது பிறப்பில் வருவது எப்படி? நடன ஆசான் என்கிற பாத்திரம் மேட்டுக்குடிச் சொல்லாடலின் உள்ளே இருந்துகொண்டே அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனாலேயே அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டும், தள்ளி வைக்கவும் வேண்டும்.

அரண்மனைக்கு வெளியே வேறொரு தடம் ஓடிற்று. 1545 பிப்ரவரியில் பதுவா நகரில் எட்டுப் பேர் ஓர் எழுத்தரிடம் போய் நாடகக் குழு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சம்பாதிப்பதைப் பொதுப் பெட்டியில் போடுவது, அந்தப் பெட்டிக்கு மூன்று சாவி, சாமான் சுமக்க ஒரு குதிரை வாங்குவது, யாருக்காவது நோய் வந்தால் பொதுப் பணத்தில் பார்த்துக்கொள்வது. கொமெதியா தெல்லார்தே என்று பின்னால் பேர் பெற்ற முகமூடி நாடகக் கலைக்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குழு ஒப்பந்தங்களில் இது ஒன்று. உடலை வைத்துப் பிழைத்த கலை அது. கரணம், துள்ளல், அடி, விழுகை எல்லாம் அதன் இலக்கணம். இருபது வருஷத்துக்குள் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பெண்களின் பெயரும் வருகிறது. 1564இல் ரோமில் லுக்ரேசியா என்ற பெண் ஒரு குழுவில் சேர்ந்து கையெழுத்திட்ட ஆவணம் இருக்கிறது.

தொழில்மயமாதல் என்று நாம் சொல்லும் நிகழ்வு மேலிருந்து மட்டும் நடக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று சாவிப் பெட்டி எந்த அரசனும் கொடுத்ததல்ல.

3

இப்போது 1661க்கு வரலாம். லூயி மன்னன் தானே ஆடுகிறவன். 1653 பிப்ரவரியில், பதினான்கு வயதில், ‘இரவு’ என்ற அரசவைப் பாலேயில் உதிக்கும் சூரியனாக ஆடினான். 1648இல் தொடங்கிய உள்நாட்டுக் கலகம் அடங்கிக்கொண்டிருந்த நேரம். கலகம் செய்த பிரபுக்கள் சுற்றி நிற்க, நடுவில் சூரியன். அரசியல் இதைவிட வெளிப்படையாக ஆடப்பட முடியாது. உடலைப் பயிற்றுவித்துப் பணிய வைக்கும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ எழுதியபோது சிப்பாயை, பள்ளிக்கூடத்தை, சிறையை எடுத்துக்கொண்டார். அரசவை நடனத்தையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வித்தியாசம், இங்கே பயிற்றுவிக்கப்படுவது கீழே உள்ளவனின் உடல் அல்ல, பிரபுவின் உடல்.

கழகத்தை நிறுவும் ஆணையின் வாதமும் இதையே சொல்கிறது. நடனம் உடலைத் திருத்துகிறது, ஆயுதப் பயிற்சிக்கு அடிப்படையாகிறது, ஆகவே போரிலும் அமைதியிலும் அரசனைச் சூழ்ந்திருக்கும் பிரபுக்களுக்குப் பயன்படுகிறது. போர்க் குழப்பங்களில் தகுதியற்றவர்கள் புகுந்து அதைக் கெடுத்துவிட்டார்கள். எனவே அனுபவம் மிக்க 13 பேரைத் தேர்ந்து கழகம் அமைக்கிறோம். இவ்வளவுதான் சாரம். அந்தப் பதின்மூன்று பேருக்கும் சங்கத்தின் சான்றுரிமை இல்லாமலே கற்பிக்கும் அனுமதி. வரிச் சலுகை. அவர்கள் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் உரிமை. பாரிசில் நடனம் கற்றுக்கொடுப்பவர்கள் தங்கள் பெயர், முகவரியைக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும். புது நடனங்களைக் கழகம் பரிசோதிக்கும்.

‘தகுதியற்றவர்கள்’ என்று சொன்னால் யார்? வேறு யாருமில்லை, மெனெத்ரியேக்கள்தான். 1658இல்தான் அதே லூயி அந்தச் சங்கத்துக்குப் புதிய விதிகளை உறுதி செய்து கொடுத்திருந்தான். நான்கு வருஷம் பயிற்சி, பிறகுதான் ஆசான் என்றெல்லாம் அதில் இருந்தது. மூன்று வருஷத்தில் அதன் தலைக்கு மேலே இன்னொன்றைக் கட்டிவிட்டான். சங்கத்தின் தலைவருக்கு ‘வயலின்களின் ராஜா’ என்று பட்டம். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கியோம் துமனுவார். அவர் நீதிமன்றம் போனார். தோற்றார். கழக ஆணை 1662இல் பாரிஸ் உயர் மன்றத்தில் பதிவாயிற்று.

பிறகு நடந்த சண்டை எழுத்தில் நடந்தது. அதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. கழகத்தின் தரப்பில் ஒரு சொற்பொழிவு அச்சாயிற்று. நடனத்துக்கு இசைக்கருவி தேவையே இல்லை, வயலினை அது சார்ந்திருக்கவில்லை, அது தனித்த உயர்கலை என்று அதில் வாதம். துமனுவார் 1664இல் பதில் நூல் எழுதினார். தலைப்பே ‘இசைக்கும் நடனத்துக்கும் நடந்த திருமணம்’ என்ற பொருள் தருவது. கூடப் பிறந்தவற்றைப் பிரிக்கிறீர்களே என்பது அவர் முறையீடு. அதில் தன் சங்கத்தின் வருமானத்தைக் காப்பாற்றும் நோக்கமும் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அந்த வாதத்தில் உழைப்பின் அனுபவம் பேசுகிறது. கல்யாண வீட்டில் விடிய விடிய வாசித்துக்கொண்டே ஆட்டுவித்தவனுக்குத்தான் இரண்டும் ஒன்று என்று தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், கழகம் என்ன வாதிட்டாலும் நடன ஆசான்கள் வயலினை விடவில்லை. பாடம் நடத்தப் போகும்போது சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் குச்சி போன்ற சின்ன வயலின் ஒன்று வைத்திருந்தார்கள். பொஷெத் என்று பெயர், ‘சின்னப் பை’ என்றுதான் அர்த்தம். ஒரு கையில் வில், காலில் அடவு. இந்த வழக்கம் மேலும் நூறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தது. கழகத்தின் மிகப் பெரிய பெயரான பியெர் பொஷான், கால்களின் ஐந்து நிலைகளை வகுத்தவர் என்று சொல்லப்படுபவர், அவரே வயலின்காரர் குடும்பத்தில் பிறந்தவர். கோட்பாட்டில் துரத்தியதைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டார்கள்.

4

1669க்குப் பிறகு அரசன் மேடையில் ஆடுவது கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. ஆட்டம் அரண்மனைக் கூடத்திலிருந்து கட்டணம் வாங்கும் அரங்குக்கு நகர்ந்தது. 1672இல் லுல்லி ஓபராவின் ஏகபோக உரிமையை எடுத்துக்கொண்டார். பிரபு பார்வையாளன் ஆனான், கூலி பெறுபவன் மேடையேறினான். பிரபுவுக்காக உருவாக்கிய அசைவைப் பிரபுவைவிடச் சுத்தமாகச் செய்ய ஒருவன் கிடைத்ததும், பிரபு ஆடுவது கேலிக்குரியதாயிற்று. 1670இல் மோலியேர் எழுதிய ‘கனவான் ஆக விரும்பும் வணிகன்’ நாடகத்தில் இசை ஆசானும் நடன ஆசானும் வாள் ஆசானும் தங்களுக்குள் எது உயர்ந்தது என்று அடித்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வணக்கம் போடக் கற்றுக்கொள்ளும் புது வாடிக்கையாளன் நடுவில் நிற்கிறான். அந்த நாடகத்துக்கு இசை லுல்லி, நடனம் பொஷான். தங்கள் தொழிலைத் தாங்களே மேடையில் வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

ஓபராவில் முதலில் பெண் வேடங்களையும் முகமூடி அணிந்த ஆண்களே ஆடினார்கள். 1681இல் ‘காதலின் வெற்றி’ என்ற படைப்பை அரசவையில் சீமாட்டிகள் ஆடினார்கள். அதே ஆண்டு அது பாரிஸ் அரங்குக்கு வந்தபோது சீமாட்டிகள் காசுக்கு ஆட முடியாதே! அதனால் நான்கு பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் லா ஃபோந்தேன் என்பவரை வரலாறு ‘முதல் தொழில்முறைப் பெண் நடனக்காரி’ என்று குறிக்கிறது.

முதல்! 1321இல் சங்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் எங்கே போனார்கள்? 360 வருஷத்துக்குப் பிறகு ஒருத்தியை ‘முதல்’ என்று எழுத வேண்டுமானால், முன்னால் இருந்தவர்களைத் தொழில்காரர்கள் அல்ல என்று ஆக்கியிருக்க வேண்டும். பதின்மூன்று பேர் கழகத்தில் ஒரு பெண்கூட இல்லை. ஆசான் என்ற இடம் ஆணுக்கு, ஆடும் உடல் என்ற இடம் பெண்ணுக்கு என்று பிரித்த பிறகுதான் அவளை உள்ளே அழைத்தார்கள்.

அந்த அழைப்பின் நிபந்தனையையும் பார்க்க வேண்டும். ஓபராவில் பெயர் பதிந்த பெண் மீது தந்தையின் அதிகாரம் செல்லாது என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் நடைமுறையாக இருந்தது. விடுதலை மாதிரித் தெரிகிறது, கொஞ்சம் விடுதலையும்தான். ஆனால் தந்தையின் பிடியிலிருந்து விடுபட்டவளை வேறு எந்தச் சட்டமும் தாங்கிப் பிடிக்கவில்லை. பிரபுக்களின் ‘ஆதரவு’ அந்த இடைவெளியில் நுழைந்தது. 1726இல் மேடையேறிப் பெரும்புகழ் பெற்ற மரி கமார்கோவை 1728இல் ஒரு பிரபு தங்கையோடு சேர்த்துக் கடத்திக்கொண்டு போனான். தந்தை அமைச்சரிடம் மனுக் கொடுத்து அலைய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அரசக் கழகத்தின் கலைஞர். இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு போகத்தக்க உடல். தொழில் என்ற அந்தஸ்து இந்த இரண்டையும் ஒரே பெண்ணுக்கு ஒரே நேரத்தில் கொடுத்தது.

5

வெளியே தள்ளப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? சந்தைக்குப் போனார்கள். பாரிசின் புனித ஜெர்மேன், புனித லோரான் சந்தைகளில் கயிற்றின் மேல் ஆடுகிறவர்கள், கரணக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். பேசும் நாடகம் 1680இல் உருவான அரச நாடகக் குழுவின் ஏகபோகம். பாட்டும் ஆட்டமும் ஓபராவின் ஏகபோகம். சந்தைக்காரர்கள் வசனம் பேசத் தடை வந்தது. ஒருவர் மட்டும் தனியே பேசினார்கள். அதற்கும் தடை. ஊமையாக நடித்து, வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டினார்கள். பழகிய மெட்டில் அமைந்த அந்த வரிகளைக் கூட்டம் சேர்ந்து பாடியது! நடிகனுக்குப் பாட அனுமதி இல்லை, பார்க்கிறவன் பாடினால் யார் என்ன செய்ய முடியும்? தெருவில் நின்று நாடகம் போட்ட எவருக்கும் இந்த இடம் புரியும்.

சொல் பறிக்கப்பட்ட இடத்தில் உடல் பேசக் கற்றது. அந்தச் சந்தைக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர் மரி சல்லே. 1734இல் லண்டனில், கூண்டுப் பாவாடையும் பொய்ம்முடியும் இல்லாமல் மெல்லிய துணியுடுத்தி, முடியை அவிழ்த்துவிட்டு ‘பிக்மேலியன்’ ஆடினார். அடவை மட்டும் காட்டாமல் கதையையே உடலால் சொல்லும் நடனத்துக்கு அதை ஒரு தொடக்கமாகச் சொல்கிறார்கள். கழகம் ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கிய தெருவிலிருந்து நடனத்துக்கு மறுபடியும் உயிர் வந்தது.

இதற்கிடையே இன்னொரு பிரிப்பு காகிதத்தில் நடந்தது. 1700இல் ஃபொய்யே என்பவர் அடவுகளைக் கோடுகளாலும் குறிகளாலும் எழுதும் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். 1704இல் கிழவரான பொஷான், அது என் கண்டுபிடிப்பு என்று அரசவையில் முறையிட்டார். அச்சிடும் உரிமை ஃபொய்யேவிடமே தங்கிற்று. 1706இல் ஆங்கிலத்துக்குப் போனது. உடம்பிலிருந்து உடம்புக்கு வந்தது இப்போது கடையில் கிடைத்தது. ஆசானிடமிருந்து அசைவைப் பிரித்தெடுத்து விற்க முடியும் என்று ஆனதும், அது யாருடையது என்ற வழக்கும் கூடவே பிறந்துவிட்டது. மெனெத்ரியேயிடமிருந்து நடனத்தைப் பிரித்தெடுத்த கழகத்தின் ஆளே கடைசியில் என்னுடையதை எடுத்துக்கொண்டார்கள் என்று புலம்ப நேர்ந்தது.

முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். 1695இல் விசைப்பலகை வாசிப்பவர்களும் நாங்கள் உங்கள் ஆள் இல்லை என்று சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். குப்ரான் தன் இசைத்தொகுதி ஒன்றில் சங்கத்தாரைக் குரங்கும் கரடியும் குடிகாரருமாக ஊர்வலம் விட்டுக் கேலி செய்தார். 1773இல் ‘வயலின்களின் ராஜா’ பதவி ஒழிக்கப்பட்டது. நடனக் கழகமோ புரட்சிக்கு முன்பே பெயரளவுக்குச் சுருங்கிப்போனது. அதன் உறுப்பினர்கள் ‘மர வாள்’ என்ற சாராயக்கடையில்தான் கூடினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நிலைத்தது 1713இல் தொடங்கிய ஓபரா நடனப் பள்ளி. இன்றும் நடக்கிறது.

6

தெருநாடகம் போடும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்போ அங்கீகாரமே வேணாங்கிறீங்களா? பென்ஷனு, காப்பீடு, ஒரு அட்டை, இதெல்லாம் வேணாமா எங்க ஆளுங்களுக்கு?”

நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்லும் சொகுசு எனக்கு இல்லை. நோயில் விழுந்தவனுக்குப் பொதுப் பெட்டியிலிருந்து பணம் எடுக்கத்தான் பதுவாவில் அந்த எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அங்கீகாரம் தேவைதான். நான் கேட்பது, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்று. 1545இல் சாவி மூன்றும் குழுவிடமே இருந்தன. 1661இல் பெட்டியே அரசனுடையது. பதின்மூன்று பேருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்தபோதே, மற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்று எழுதியாகிவிட்டது. பட்டியலில் பெயர் சேர்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலின் முதல் வாக்கியத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். யாரைக் குறை சொல்லி அது தொடங்குகிறது?

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த மொதப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாளுங்களே பொம்பளைங்க, அவங்க பேரு இருக்கா?” என்றார்.

இருக்கிறது.